30,000 ரூபாய் பேஸ் கிட்டாருக்கு இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி



மியூச்சுவல் ஃபண்டு, பி.எஃப்., ஹெல்த் இன்ஷூரன்ஸ்னு பேசிட்டு இருக்கற இடத்துல திடீர்னு பேஸ் கிட்டார் எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். காரணம் இருக்கு. ஓசூர் சிப்காட், பாகலூர் ரோடு, சூளகிரி, போச்சம்பள்ளி பக்கம் வேலை பார்க்கற தம்பிங்க கிட்டயிருந்து ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. "அண்ணா, பேஸ் கிட்டார் கத்துக்கணும். 30,000 ரூபாய்க்கு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ஆறு மாசம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு. எடுக்கலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பேஸ் கத்துக்கோங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அந்த இ.எம்.ஐ. எடுக்காதீங்க. கடன் தப்புன்னு உபதேசம் பண்ண வரல. பேஸ்ங்கற வாத்தியத்துல பணம் எங்க போனா சத்தம் நல்லா வரும்னு பார்த்தா, நீங்க செலவு பண்ணப் போற வரிசை தலைகீழா இருக்கு. அதைத்தான் கணக்கோட சொல்லப் போறேன்.

"நோ காஸ்ட்"டுக்கு ஒரு காஸ்ட் இருக்கு

வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. இதை நான் சொல்லல, 2013-லயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில பூஜ்ய வட்டிங்கற கருத்தே இல்லைன்னு சொல்லிடுச்சு. வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும். பெரும்பாலும் உங்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். போர்டு விலை 30,000. ரொக்கமா கொடுத்தா 27,500-க்குத் தர்றாங்க. இ.எம்.ஐ.னா மாசம் 5,000 வீதம் ஆறு மாசம். பார்க்க வட்டி இல்லாத மாதிரி இருக்கு. உண்மையில நீங்க 27,500 ரூபாய் பொருளை வாங்கி 30,000 கட்டறீங்க. 2,500 தானேன்னு நினைக்காதீங்க. முதல் மாசத்துலயிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிட்டு வர்றீங்க, அதனால மாசத்துக்குச் சுமார் 2.5% வட்டி, ஆண்டுக்குச் சுமார் 30%. பேங்க்ல பர்சனல் லோன் எடுத்தாக்கூட பல பேருக்கு இதைவிடக் கம்மியா கிடைக்கும். இதுக்கு மேல பிராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜி.எஸ்.டி. தனி.

இப்ப அதே 5,000-ஐ ஆறு மாசம் ஆர்.டி.யில போடுங்க. 30,000 ஆச்சு. 27,500-க்கு ரொக்கமா வாங்கறீங்க. கையில 2,500 மிச்சம், கூடவே கொஞ்சம் வட்டி. அந்த 2,500 எதுக்குன்னு கீழ சொல்றேன், அதுதான் இந்தப் பதிவோட முக்கியமான பகுதி.

நம்ம ஏரியாவுக்கே உரிய இன்னொரு விஷயம். இங்க நிறைய பேர் அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட். எட்டு மாசத்துல முடியற கான்ட்ராக்ட்ல இருந்துட்டு பன்னிரண்டு மாச இ.எம்.ஐ. போடறது, முதல் வருஷ வருமானத்தை நம்பி ரெண்டாவது வருஷத்துக்குக் கையெழுத்து போடற மாதிரி. ஒரு தவணை தவறினா பவுன்ஸ் சார்ஜ் மட்டும் இல்ல, சிபில் ஸ்கோர்லயும் அடி விழும். நாளைக்கு பைக் லோனுக்கோ, வீட்டு லோனுக்கோ போறப்ப அந்த கிட்டார் அங்க வந்து நிக்கும். என்னோட விதி சிம்பிள்: இ.எம்.ஐ. முடியற தேதி, கையில இருக்கற கான்ட்ராக்ட் முடியற தேதியைத் தாண்டக் கூடாது. தாண்டினா அந்தப் பொருள் இப்போதைக்கு உங்களுக்கு இல்ல.

ஆறு மாசம் சும்மா இருக்கணுமா?

வேண்டாம். இது பல பேருக்குத் தெரியாது: சாதாரண கிட்டார்ல மேல இருக்கற நாலு தடிமனான கம்பியும், பேஸ்ல இருக்கற நாலு கம்பியும் ஒரே சுரங்கள்தான். ஈ, ஏ, டி, ஜி. பேஸ்ல அது ஒரு ஸ்தாயி கீழ இருக்கும், அவ்வளவுதான். அதனால ரூம்மேட் கிட்ட தூசி படிஞ்சு கிடக்கற 4,000 ரூபாய் கிட்டார் போதும். ஃபிரெட்போர்டுல எந்த சுரம் எங்க இருக்கு, ஒரு ராஜா பாட்டுல பேஸ் எங்க போகுது, மெட்ரோனோம் வெச்சு தாளம் தப்பாம எப்படி நிக்கறது, இது எல்லாத்தையும் அதுலயே கத்துக்கலாம். சர்ச்சுக்குப் போறவங்களா இருந்தா கொயர்ல இருக்கற பேஸை ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்க. கேட்டா கொடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஆறு மாசம் இப்படித் தாக்குப் பிடிச்சீங்கன்னா உங்களுக்கு உண்மையிலயே ஆர்வம் இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது மாசமே விட்டுட்டீங்கன்னா ஆர்.டி.யில 10,000 இருக்கு. எதுவும் கெட்டுப் போகல.

சத்தம் எங்கயிருந்து வருது?

பேஸ் வாசிக்கறவங்க கிட்ட கேட்டா எல்லாரும் ஒண்ணையே சொல்வாங்க: முக்கால்வாசி சத்தம் விரல்ல இருக்கு. கேட்க பழமொழி மாதிரி இருந்தாலும் ஆதாரம் இருக்கு.

அமெரிக்காவுல டெட்ராய்ட்னு ஒரு ஊரு. கார் ஃபேக்டரிங்க ஊரு, நம்ம ஓசூர் மாதிரி, ஆனா பல மடங்கு பெருசு. அங்க ஃபோர்டு கம்பெனியோட லிங்கன்-மெர்க்குரி அசெம்பிளி லைன்ல வேலை பார்த்த பெர்ரி கோர்டின்னு ஒருத்தர் 1959-ல ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சார். மோட்டார் டவுன்ங்கறதைச் சுருக்கி அதுக்கு மோட்டவுன்னு பேரு. அந்தக் கம்பெனியோட ஹிட் பாட்டுகள்ல பேஸ் வாசிச்சவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகத்துல பேஸ் வாசிக்கற அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவங்க. அவர் பெரும்பாலும் வாசிச்சது ஒரு 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணை மட்டும் வெச்சே மீட்டுவார். கம்பி அறுந்தாலொழிய மாத்த மாட்டார்.

இன்னொருத்தர் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி. 1961-ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல பேஸ் தேடினப்ப ஃபெண்டர் விலை 100 பவுண்டு பக்கம். அவர் வாங்கினது சுமார் 30 பவுண்டுக்கு ஒரு ஹோஃப்னர். கடன்ல விழக் கூடாதுன்னு அப்பா சொல்லி வளர்த்ததா அவரே பேட்டியில சொல்லியிருக்கார். அந்த 30 பவுண்டு பேஸோட உருவம்தான் பின்னாடி உலகத்துக்கே அடையாளமாச்சு. 1972-ல திருடு போய், 50 வருஷத்துக்கு மேல கழிச்சு அவர் கைக்கே திரும்பி வந்து, 2024-ல செய்தியா வந்துச்சு.

நம்ம பக்கம் பாருங்க. ராஜா பாட்டுகள்ல பேஸ் தனியா ஒரு மெட்டு மாதிரியே நடக்கும். ரஹ்மான் பாட்டுகள்ல சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸ் வாசிச்ச பேஸ் எத்தனை பாட்டைத் தூக்கி நிறுத்தியிருக்குன்னு ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா புரியும். மும்பைக்காரப் பொண்ணு மோகினி டே சின்ன வயசுலயே அப்பா கிட்ட கத்துக்கிட்டு உலகம் சுத்தி வாசிக்கறாங்க. இவங்க யாரையும் நாம ஞாபகம் வெச்சிருக்கறது அவங்க வெச்சிருக்கற மாடல் நம்பருக்காக இல்ல.

இன்னொரு டெக்னிக்கல் உண்மையும் இருக்கு. பேஸோட அடி ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். உங்க போன் ஸ்பீக்கரால அந்தச் சத்தத்தைக் கொடுக்கவே முடியாது. நீங்க கேட்கறது அதோட மேல் சுரங்களை மட்டும்தான். அதனால ஷிப்ட் பஸ்ல உட்கார்ந்து போன் ஸ்பீக்கர்ல "15,000 பேஸா, 50,000 பேஸா" வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்த வித்தியாசம் உங்க காதுக்கு வரவே இல்ல. அந்த வீடியோ பல இடத்துல கீழ இருக்கற லிங்க்குக்காக எடுக்கப்பட்டதா இருக்கும். நானும் யூட்யூபர்தான், லிங்க்ல கமிஷன் எப்படி வரும்னு எனக்குத் தெரியும். இந்தப் பதிவுல ஒரு லிங்க்கும் கிடையாது.

அதே 30,000-ஐ நான் எப்படிப் பிரிப்பேன்

இது கணக்குக்காகப் போட்ட தொகைகள். கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் மாறும். விகிதத்தை மட்டும் பாருங்க.

- பழைய, ஆனா நல்ல நிலையில இருக்கற நாலு கம்பி பேஸ்: 12,000
- செட்டப், புதுக் கம்பி: 2,500
- ஹெட்ஃபோன் ஆம்ப் அல்லது சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ்: 3,500
- அகலமான ஸ்ட்ராப், நல்ல கேபிள்: 1,500
- ஆறு மாச கிளாஸ், மாசம் 1,500 வீதம்: 9,000

மொத்தம் 28,500. இன்னும் 1,500 மிச்சம்.

செட்டப்னா என்னன்னு கேட்பீங்க. பைக் வாங்கினதும் செயின் டைட், பிரேக் அட்ஜஸ்ட் பண்ற மாதிரிதான். கழுத்துக்குள்ள இருக்கற டிரஸ் ராடைச் சரி பண்ணி வளைவை எடுக்கறது, கம்பியோட உயரத்தைக் குறைக்கறது, ஒவ்வொரு ஃபிரெட்லயும் சுருதி சரியா நிக்குதான்னு பிரிட்ஜைத் திருத்தறது. கம்பி உயரமா இருக்கற 50,000 பேஸை விட, ஒழுங்கா செட்டப் பண்ண 12,000 பேஸ் வாசிக்க சுகமா இருக்கும். ஆர்.டி. கணக்குல மிச்சமான 2,500-ன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். நீங்க புதுசாவே வாங்கினாலும் இந்தச் செலவை விடாதீங்க.

பழசு வாங்க நம்ம ஊருக்கு ஒரு வசதி இருக்கு. அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு. எலக்ட்ரானிக் சிட்டி ஒரு பஸ் தூரம். ஆசையா வாங்கிட்டு மூலையில வெச்சவங்க எல்லா ஊர்லயும் உண்டு, ஆனா பெரிய ஊர்ல ஜாஸ்தி. நேர்ல போய்ப் பாருங்க. கழுத்தை துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரா பிடிச்சு, முறுக்கி இருக்கான்னு பாருங்க. ஒவ்வொரு ஃபிரெட்லயும் ஒவ்வொரு கம்பியையும் மீட்டுங்க, எங்கயாவது கரகரன்னு உரசுதான்னு கவனிங்க. டிரஸ் ராட் திரும்புதான்னு கேளுங்க. ஆம்ப்ல போட்டு நாப்களைத் திருப்புங்க. கழுத்து முறுக்கியிருந்தா விலை என்னவா இருந்தாலும் வேண்டாம். மத்ததெல்லாம் சரி பண்ணிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பொருளைப் பார்க்கறதுக்கு முன்னாடி யு.பி.ஐ.ல அட்வான்ஸ் அனுப்பாதீங்க. "பணம் வாங்கிக்க க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு யாராவது சொன்னா அது மோசடி. பின் போட்டா பணம் உங்க அக்கவுன்ட்லயிருந்து போகும், வராது.

ரூம்ல வாசிக்கறவங்க கவனத்துக்கு

லிஸ்ட்ல ஹெட்ஃபோன் ஆம்ப்பை ஏன் சேர்த்தேன்னா, நம்ம தம்பிங்க பெரும்பாலும் ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கற வாழ்க்கை. ஒருத்தர் நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குவார். அதனால பேஸை எதுலயும் சொருகாம வெறுமனே வாசிப்பீங்க. சத்தம் கேட்காது. கேட்கறதுக்காக வலது கையால கம்பியை இழுத்து அடிப்பீங்க, இடது கையால இறுக்கிப் பிடிப்பீங்க. மூணு மாசத்துல அதுவே பழக்கம் ஆயிடும், மணிக்கட்டு வலி கூடவே வரும்.

பகல்ல எட்டு மணி நேரம் லைன்ல டார்க் கன் பிடிக்கற கை, ராத்திரி ஒரு மணி நேரம் இப்படி வாசிச்சா என்ன ஆகும்? அந்தக் கைதான் உங்களோட சொத்து. மாசச் சம்பளம் அதுலயிருந்துதான் வருது. கையில பிரச்சினை வந்து டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னா, இ.எஸ்.ஐ. தகுதி இருக்கறவங்களுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஆனா அது சம்பளத்துல 70%, வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். ஓவர்டைம் கிடையாது. கான்ட்ராக்ட்ல இருக்கறவருக்கு ரெனிவல் நேரத்துல அது என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 3,500 ரூபாய் ஹெட்ஃபோன் ஆம்ப்புங்கறது ஒரு வகையில கைக்கான இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

அதனால காசு செலவில்லாத நாலு டெக்னிக் சொல்றேன். இதை எந்த விலை பேஸ்லயும் செய்யலாம்.

1. வால்யூமைக் கூட்டுங்க, விரலைக் குறைங்க. ஆம்ப் வேலையை விரல் செய்யக் கூடாது. மெதுவா மீட்டினா சத்தமும் உருண்டையா வரும்.

2. இடது விரலை ஃபிரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னாடி வைங்க. முதல்ல சும்மா தொட்டுட்டு மீட்டுங்க, "டொக்"னு கேட்கும். கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க. சுரம் சுத்தமா வர்ற அந்த இடத்துல நிறுத்துங்க. அதுதான் தேவையான அழுத்தம். நாம எல்லாரும் அதைவிட ரொம்ப ஜாஸ்தியா அழுத்தறோம்.

3. சாதாரண பேஸ் கம்பியோட நீளம் 34 இன்ச். அதுல முதல் ஃபிரெட் மட்டுமே சுமார் 1.9 இன்ச் அகலம். அங்க நாலு விரலுக்கு நாலு ஃபிரெட்னு நீட்டினா கை இழுபடும். டபுள் பேஸ்காரங்க வழியைப் பின்பத்துங்க: ஆள்காட்டி, நடு, சுண்டு விரல். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணையா நிக்கட்டும். மூணு ஃபிரெட்டை மட்டும் பிடிங்க, மீதிக்குக் கையையே நகர்த்துங்க. ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேல அகலம் 1.4 இன்ச் பக்கம் குறைஞ்சிடும், அங்க நாலு விரலையும் விரிச்சுக்கலாம்.

4. ஸ்ட்ராப்பை, உட்கார்ந்து வாசிக்கறப்ப பேஸ் எந்த உயரத்துல இருக்கோ அதே உயரத்துல வைங்க. முட்டிக்குக் கீழ தொங்கவிட்டா போட்டோ நல்லா வரும், மணிக்கட்டு மடங்கிடும். இரண்டு மணிக்கட்டும் முடிஞ்ச வரை நேரா இருக்கணும். மரத்துப் போனாலோ, சுரீர்னு வலிச்சாலோ அன்னிக்கு அத்தோட நிறுத்துங்க. வலியைத் தாண்டி வாசிக்கறது பயிற்சி இல்ல.

காதையும் மறக்காதீங்க. 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்ங்கறதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பான அளவு. மிஷின் சத்தத்துல ஷிப்ட் முடிச்சுட்டு வர்றவங்க ஹெட்ஃபோன் வால்யூமை இன்னும் கீழ வெச்சுக்கறது நல்லது.

"மட்டமான வாத்தியத்துல கத்துக்கிட்டா ஆர்வமே போயிடும்ணா"

இந்த வாதத்துல நியாயம் இருக்கு. சுருதி நிக்காத, கம்பி எட்டாத வாத்தியம் யாரையும் ஓட விட்டுடும். அதனாலதான் ஆகக் குறைஞ்ச விலைக்குப் புதுசா வாங்குங்கன்னு நான் சொல்லல. பேர் தெரிஞ்ச கம்பெனியோட தொடக்க நிலை மாடலை, பழசா, செட்டப் பண்ணி வாங்குங்கன்னு சொல்றேன். அதுல இன்னொரு லாபம், வேண்டாம்னா விக்கறது சுலபம். 12,000-க்கு வாங்கின பழசை ஒழுங்கா வெச்சிருந்தா ஒரு வருஷம் கழிச்சு 10,000 பக்கம் போக வாய்ப்பு இருக்கு. புதுசோட முதல் பெரிய விலை வீழ்ச்சியை ஏற்கெனவே வேற யாரோ தாங்கிட்டாங்க.

"அப்போ நல்ல பேஸ் வாங்கவே கூடாதா?" வாங்கலாம். அதுக்கு ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, இப்ப இருக்கற வாத்தியத்தோட குறையை உங்களால பேர் சொல்லிச் சொல்ல முடியணும். "பிக்கப்ல ஹம் வருது, ரெக்கார்டிங்ல கேட்குது" அப்படிங்கறது குறை. "இன்னும் கொஞ்சம் புரொஃபஷனலா இருந்தா நல்லா இருக்கும்" அப்படிங்கறது ஆசை. ரெண்டாவது, காசு ரொக்கமா இருக்கணும், அவசர நிதி தனியா மூணு மாசச் செலவுக்கு இருக்கணும்.

வாசிச்சு சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா கணக்கு மாறும். கல்யாணம், கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல ஒரு ப்ரோகிராமுக்கு 1,500 கையில நிக்குதுன்னு வெச்சுக்குவோம். 20 ப்ரோகிராம்ல 30,000. அந்தக் காசுல அடுத்த பேஸை வாங்குங்க, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனா அதுலயும் ஒரு உண்மையைச் சொல்லணும். பல குழுவுல செலவைக் குறைக்க பேஸை கீபோர்டுக்காரரோட இடது கையே பார்த்துக்குது. தனியா ஒரு பேஸ் ஆளைக் கூப்பிடணும்னா, அந்த ஆள் வந்தா பாட்டு மாறணும். அந்த மாற்றம் உங்க தாளத்துல இருக்கணும். அதை எந்தக் கடையும் தவணையில கொடுக்காது.

அதனால இந்த மாசம் செய்ய வேண்டியது மூணே மூணு. 5,000-க்கோ, முடியலன்னா 2,500-க்கோ ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. ஒரு கிட்டாரை இரவல் வாங்குங்க. தினமும் ஷிப்ட் முடிஞ்சதும் 20 நிமிஷம் மெட்ரோனோமோட உட்காருங்க. ஆர்.டி. முதிர்றப்ப கடைக்குப் போங்க. அப்ப அந்த 30,000 பேஸைக் கையில எடுத்துப் பார்த்து, அது வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்வீங்க. என்னைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

அடுத்த வீடியோவுல, கான்ட்ராக்ட் வேலையில இருக்கறவங்க அவசர நிதியை எப்படிச் சேர்க்கறதுன்னு பார்ப்போம்.